ஆர்பியின் மூன்றாவது சரணம்

இதனால் சகல கண்ட்ரி இசை ரசிகர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: பத்து தங்க இசைத்தட்டு, நான்கு மனைவி, ஒரே தொப்பி கண்ட மகாகவி வெர்லன் டாக்கெட் அவர்கள், செவ்வாய் மாலை ஆறு மணிக்கு, நாஷ்வில் நகரின் நாற்பது நாற்காலிக் காப்பிக்கடை ஒன்றில் எளியவர்போல் அமர்ந்து பாட மனமிரங்கியிருக்கிறார்.

பக்கத்து நாற்காலி எனக்கு. நான் டெல்ஃபியா குரௌஸ். அவனுடைய பெயரை ஊரெல்லாம் கொண்டுபோன 'புகையிலைக் கொட்டகை' பாட்டை, புகையிலை வெட்டிய என் அப்பாவைப் பற்றி, எழுதியவள்.

எழுதிய அன்று வெர்லனும் என் சமையலறையில் இருந்தான். காப்பி ஊற்றினான். பாட்டு பிறக்கும்போது அறையில் யார் இருந்தாலும் அவர் பெயரும் சேரும் என்பது இந்த ஊர் வழக்கம். ஆகவே இசைத்தட்டில் இரண்டு பெயர். இருபது வருஷத்தில் மேடையில் என் பெயர் உதிர்ந்துபோயிற்று. பிறகு என் அப்பாவும் கைமாறினார். பேட்டிகளில், புகையிலை வெட்டியே ஓய்ந்து செத்தது வெர்லனின் அப்பா. அவனுடைய நிஜ அப்பா ஃப்ளோரிடாவில் நீச்சல்குளம் கட்டி விற்றவர். இன்றும் கோல்ஃப் ஆடுகிறார்.

நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடும் இந்தக் கச்சேரிக்கு ஒரு சட்டம் உண்டு. பாடுவதற்கு முன் கூட எழுதினவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். சுருதி பிசகினால் மன்னிப்பார்கள். இதற்கு மன்னிப்பு கிடையாது.

"வெர்லன், என் பேரைச் சொல்லு. எங்கப்பாவை எங்கிட்டயே விட்டுடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"இதெல்லாம் சொல்லணுமா டெல்ஃபி? நீ எனக்கு அக்கா மாதிரி."

"அக்காவும் வேண்டாம், சொக்காவும் வேண்டாம். பேரு."

"சத்தியமாச் சொல்றேன்."

அவன் முறை வந்தது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "எங்கப்பா ஆர்பி, சாகறப்போ..." என்று ஆரம்பித்து அழுதான். ஆர்பி! திருடின பொருளில் பெயரையாவது அழித்திருக்கலாம். அழுதுகொண்டே பாடி முடித்தான். என் பெயர் வரவே இல்லை.

அடுத்தது என் முறை. மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அதே பாட்டைத் திரும்பப் பாடப்போறேன். ஆர்பி எங்கப்பா. ரேடியோவுக்கு நீளம்னு இவர் வெட்டி எறிஞ்ச மூணாவது சரணமும் இதுல இருக்கு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவின் கையைத் தேய்த்துக் கழுவுகிறாள். நாற்பது வருஷப் புகையிலைப் பிசின் போய்விடுகிறது. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்கிறார். அதுதான் சரணம். கூடப் பாட வெர்லன் வாயைத் திறந்தான், வார்த்தை தெரியவில்லை. திறந்த வாயை நாற்பது பேரும் பார்த்தார்கள். தொலைந்தாயடா என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் எழுந்தான். மறுபடி தொப்பி, மறுபடி நெஞ்சு, மறுபடி கண்ணீர். என்னைக் கட்டிக்கொண்டு மைக்கில் சொன்னான்: "எங்க அக்கா!"

கடையே எழுந்து நின்று கைதட்டியது. "நான் இவனுக்கு அக்கா இல்லை!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? முன்வரிசை அம்மாள் ஒருத்தி மூக்கைத் துடைத்தபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி உங்கப்பாவைப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்கார்!"

மறுநாள் பத்திரிகையில் படம் வந்திருந்தது: வெர்லன் டாக்கெட், அக்காவுடன்.