ஆறும் எட்டும் சேரும் நாள்

எப்சிக்கு ஆறு நாளைக்கு ஒரு லீவு. அவள் கணவன் ரிச்சர்டுக்கு எட்டு நாளைக்கு ஒன்று. அவள் அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மத்தியானம் ஒன்றரைக்குக் கிளம்பினால் இரவு பத்துக்கு மேல்தான் வீடு. அவனுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் காலை ஷிப்ட். அவள் எழுவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அவள் வரும்போது உறங்கியிருப்பான். ஒருவருக்கு லீவு என்றால் மற்றவருக்கு வேலை. அரை நாள் கிடைக்கும். அதிலும் ஒருவர் கிளம்பிக்கொண்டிருப்பார், அல்லது களைத்துப் படுத்திருப்பார். கல்யாணமான இந்த இரண்டு வருஷமும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எப்சி தனியாகப் போவாள். "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்பவர்களிடம் சிரித்து வைப்பாள்.

ஜூன் மாதத்தில் பாளையங்கோட்டை அத்தை இருவரையும் ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டாள். ரிச்சர்டிடம் எப்சி போனில் சொன்னாள்.

"ரெண்டு பேரு லீவும் சேந்து வாற அன்னைக்குப் போவோம்," என்றான் அவன். பின்னால் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

அது என்றைக்கு என்று பார்க்க மறுநாள் காலையில் காலண்டரோடு உட்கார்ந்தாள். அவளுடைய லீவு ஜூன் இரண்டாம் தேதி. அதிலிருந்து நாள்களை எண்ணினால் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்திநான்கு என்று ஆறின் மடங்குகளாகப் போயிற்று. ரிச்சர்டின் லீவு அதற்கு அடுத்த நாள், மூன்றாம் தேதி. அதே இரண்டாம் தேதியிலிருந்து எண்ணினால் ஒன்று, அப்புறம் எட்டெட்டாகக் கூட்டினால் ஒன்பது, பதினேழு, இருபத்தைந்து, முப்பத்துமூன்று. நூறு வரைக்கும் எழுதிப் பார்த்தாள். ஒரு எண்கூடச் சேரவில்லை.

பிறகுதான் கவனித்தாள். அவளுடையது எல்லாம் இரட்டைப்படை. அவனுடையது எல்லாம் ஒற்றைப்படை. நூறு என்ன, ஆயிரம் வரை போனாலும் சேராது. 'அடுத்த தடவை சேரும்' என்று இரண்டு வருஷமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு அடுத்த தடவை இல்லவே இல்லை. யார் மேலாவது கோபப்படலாம் என்றால், யாரும் எதுவும் செய்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடாமலே டூட்டிக்குப் போனாள்.

கூட வேலை பார்க்கும் ஷம்ஸியாவுக்கு லீவு எப்சிக்கு மறுநாள் வரும். மருந்து அறையில் வைத்து அவளிடம் கேட்டாள்.

"உன் நாளை எனக்குத் தாறியா? என் நாளை நீ எடுத்துக்க."

"ஒரு நாள் தள்ளினா போதுமாக்கா?"

"போதும். அப்புறம் இருவத்திநாலு நாளைக்கு ஒருக்க சேந்து வரும்."

"கணக்கு டீச்சர் ஆயிட்டியளே!" ஷம்ஸியா சிரித்தாள். "வருசத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும்?"

"பதினஞ்சு."

ஷம்ஸியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "எடுத்துக்கிடுங்கக்கா," என்றாள்.

இருவருக்கும் சேர்ந்து வரும் முதல் லீவு ஜூன் இருபத்தேழு. அத்தையிடம் எப்சி சொல்லவில்லை. ரிச்சர்டிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அன்று காலை அவனுக்கு முன்னால் எழுந்து டீ போட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே அடுக்களைக்கு வந்தான்.

"நீ உறங்கலையா? இசக்கிதுரை வயலுக்கு வாறேன்னு சொல்லிருக்கேன். நீ மத்தியானம் போயிருவேல்லா?"

"எனக்கு இன்னைக்கு லீவு."

அவனுக்குப் புரியவில்லை. ஆறும் எட்டும் ஏன் சேரவில்லை, இனி எப்படிச் சேரும் என்று அவள் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டான். கேட்டு முடித்ததும் வெளியே போய்த் தன் கூட்டாளி இசக்கிதுரையை போனில் அழைத்து, வரவில்லை என்று சொன்னான். திரும்பி வந்து டீயை எடுத்து ஒரு வாய் குடித்ததும் முகம் லேசாகச் சுருங்கியது.

"நல்லா இல்லியா?"

"சீனியை விட்டு ஒரு வருசம் ஆச்சு எப்சி. டாக்டர் சொன்னாரு. உங்கிட்ட சொல்லணும்னுதான் நெனச்சேன்."

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு வேறு டீ போட்டாள். தினம் எத்தனையோ பேருக்குச் சர்க்கரை பார்த்து எழுதுகிறவள் அவள்.

பத்து மணிக்கு ஆற்றுக்குப் போனார்கள். மருதமர நிழலில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் நிறைய ஓடியது. ரிச்சர்ட் மில்லில் நடந்த ஏதேதோ சொன்னான். அவன் சொன்ன பெயர்களில் பாதியை அவள் கேட்டதே இல்லை. யார், எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கொண்டாள். அவனும் பேச்சை விட்டான். வெயில் ஏறியதும் எழுந்து ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"அடுத்தது என்னைக்கு?" வீட்டைத் திறக்கும்போது கேட்டான்.

"ஜூலை இருவத்தொண்ணு."

"அன்னைக்கு அத்தை வீட்டுக்குப் போவோம்," என்றான். பிறகு, "வேண்டாம். அதுக்கடுத்த தடவை போவோம். அன்னைக்கும் நாம மட்டும் இருப்போம்," என்றான்.

இரவு எட்டு மணிக்கே அவனுக்குக் கண் சொருகியது. ஐந்துக்கு எழ வேண்டுமே. பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் உறங்கிப்போனான். எப்சிக்கு அந்த நேரத்தில் வார்டில் நடந்துதான் பழக்கம், உறக்கம் வரவில்லை. டிவியைப் போடலாம் என்று எழுந்தவள் போடவில்லை. அவன் நெற்றியில் ஒரு பழைய தழும்பு இருந்தது. எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியாது. எழுப்பிக் கேட்க மனமில்லை. பைய விளக்கை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.