வஸ்தியாம்பிள்ளையின் மெழுகுதிரி

கடற்கரை வட்டாரத்திலிருந்து ஒரு பெயர்கூட வந்திருக்கவில்லை.

நிரோஜினி பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே இறக்கிப் பார்த்தாள். கோயில் பங்கில் நான்கு வட்டாரங்கள். மூன்றிலிருந்து இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் வந்திருந்தன. கடற்கரை வட்டாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். பங்கிலேயே சாவு அதிகம் கண்ட இடம் அது. கடல் கொண்டுபோனவர்கள், சண்டை கொண்டுபோனவர்கள், ஒரே காலையில் சுனாமி கொண்டுபோனவர்கள். அங்கிருந்து பூச்சியம்.

நவம்பர் இரண்டாம் திகதி பின்னேரம் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே மேசை போட்டுப் பூசை நடக்கும். பூசைக்கு முன்னால் பங்குச் சுவாமி இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். தங்கள் வீட்டுப் பெயர் வந்ததும் அந்த வீட்டார் மெழுகுதிரியைக் கொளுத்துவார்கள். பெயர் வாசிக்காமல் யாரும் கொளுத்துவதில்லை. அது அந்தப் பங்கின் வழக்கம். முன்பெல்லாம் பெயர்களைத் துண்டில் எழுதிக் கோயில் வாசலில் இருந்த பெட்டியில் போடுவார்கள். இந்த வருடம் பெட்டி இல்லை.

பங்குச் சபைச் செயலாளர் இராசதுரை அதை எடுத்துவிட்டார். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். புது இணையத்தளத்தைத் திறந்துவைத்த அன்று, கோயில் மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி, ஆளுயரத்துக்கு அதைக் காட்டி, "இனி உலகத்தின்ர எந்த மூலையிலை இருந்தும் எங்கட கோயிலைப் பாக்கலாம்" என்று சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நிரோஜினியும் தட்டினாள். தளத்தைக் கட்டியது கொழும்பில் ஒரு கம்பனி. பெயர் அனுப்பும் பக்கத்தைச் செய்தது அவள். பௌதிகத்தில் பட்டம் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இரண்டு வருடத்தில் அவளாகவே கற்றுக்கொண்ட வேலை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பின்னேரம் ஆறு மணியோடு பட்டியல் மூடப்படும். சுவாமி தங்கும் அறைவீட்டின் முன்னறையில்தான் பங்கு அலுவலகம். இராசதுரை கதிரையில் சாய்ந்திருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கடற்கரை வட்டாரத்திலையிருந்து ஒண்டும் வரேல்லை."

"வராட்டி நாங்கள் என்ன செய்யிறது? அவையளுக்கு அக்கறையில்லை, பிள்ளை. பெருநாளுக்கு வெடி கொளுத்தச் சொல்லிப் பாரும், முன்னுக்கு நிப்பினம்."

"நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்திலை ஒண்டுகூட இல்லை."

"ஆறு மணிக்கு மூடுறம். நாளைக்கு அச்சடிக்கக் குடுக்கோணும்." அவர் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவருக்கு முன்னால் மூன்று வசனத்துக்கு மேல் பேச அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுத்தாள். கோபம் அவளுக்கு எப்போதும் பிந்தித்தான் வரும். மீன் சந்தைத் திருப்பத்தில் வந்தது. அக்கறையில்லாதவர்கள் பத்துப் பேர் இருக்கலாம், ஐம்பது பேர் இருக்கலாம். முழு வட்டாரமும் இருக்குமா? ஆய்வுகூடத்தில் ஒரு கருவி நாள் முழுக்கப் பூச்சியம் காட்டினால் முதலில் கருவியைத்தான் சந்தேகிப்பார்கள். இங்கே சனத்தைச் சந்தேகிக்கிறார்கள்.

கடல் கொந்தளிப்பு. வள்ளங்களை மேலே இழுத்து வைத்திருந்தார்கள். முதல் ஒழுங்கையில் இராசமலர் வீடு. நிரோஜினி ஞாயிறு மறைக்கல்விக்குப் போன காலத்தில் அவளோடு ஒரே வாங்கில் இருந்தவன் இராசமலரின் மகன் யதுர்சன். மூன்று வருடத்துக்கு முன் மார்கழியில் கடற்றொழிலுக்குப் போனான். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது.

"பேரோ? அது நான் போன கிழமையே அனுப்பிப்போட்டனே" என்றாள் இராசமலர். "ரெண்டு வருசமாக் குடுக்கேல்லை, பிள்ளை. குடுத்தால் செத்துப்போனான் எண்டு நானே சொன்ன மாதிரி. இந்த முறைதான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பினனான்."

யதுர்சன் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

"எப்பிடி அனுப்பினீங்கள், அக்கா? ஒருக்காக் காட்டுங்கோ."

இராசமலரின் போனில் கண்ணாடி இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. கண் பிடிக்காததால் எழுத்தைப் பெருப்பித்து வைத்திருந்தாள். கோயிலின் பக்கம் திறந்தது. பெயர் எழுதும் இடம் இருந்தது. அதற்குக் கீழே "அனுப்பு" என்ற பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டை கிடந்தது. அதில் ஒரு சின்ன மெழுகுதிரி.

"பேரை அடிச்சுப்போட்டு இதிலை அமத்தினன். உடனே பெரிசா மெழுகுதிரி எரிஞ்சது. சிலுவை போட்டிட்டு மூடி வைச்சனான். பக்கத்து வீடுகளுக்கும் சொன்னனான், மெழுகுதிரி எரிஞ்சால் போய்ச் சேர்ந்திட்டுது எண்டு. எல்லாருக்கும் எரிஞ்சது."

அவள் அமத்திக் காட்டினாள். திரை முழுக்க மெழுகுதிரி எரிந்தது. அழகான படம். நிரோஜினி விரலால் அதை மேலே தள்ளினாள். வெகுதூரம் தள்ளிய பிறகு கீழே கொட்டை எழுத்தில் வந்தது: "கனடா வாழ் ஜெறால்ட் குடும்பத்தினரின் அன்புத் தந்தை அமரர் வஸ்தியாம்பிள்ளை நினைவாக."

தளத்தைத் தன் காசில் செய்வித்துக் கொடுத்தவர் கனடாவிலிருக்கும் இந்த ஜெறால்ட். அவருடைய பட்டை எல்லாப் பக்கத்திலும் நகராமல் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. பெரிய திரையில் அது ஓரமாக ஒதுங்கி நின்றது. சின்னத் திரையில் நேரே பொத்தானுக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கடற்கரையில் வீட்டுக்கு வீடு இருப்பது பழைய சின்னப் போன்கள்தான். தன் புதுப் போனிலும் இராசதுரையின் போனிலும் மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று சொன்னவள் நிரோஜினி. அந்த நினைவு அவளைச் சுட்டது. ஒரு வட்டாரமே தன் இறந்தவர்களை எழுதி, சிலுவை போட்டு, வஸ்தியாம்பிள்ளையின் நினைவுப் படத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. தளம் கனடாவில் தெரிகிறது. கோயிலிலிருந்து அரைக் கட்டை தூரத்தில் தெரியவில்லை.

"அக்கா, இது போகேல்லை."

"என்ன போகேல்லை?"

"யதுர்சன்ர பேர் போகேல்லை. பிழை உங்களிலை இல்லை. எங்கடை."

இராசமலர் போனின் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு, "திரும்பவும் எழுதோணுமோ?" என்று கேட்டாள்.

நிரோஜினி போனை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கிண்ணியாக்காரர் அப்ராஸ் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். அவளுடைய போனை இரண்டு முறை திருத்தியவர்.

"பழைய போன் எத்தினை இருக்கு, நானா? ஒருக்காப் பாக்கோணும்."

"வாங்கவா, விக்கவா?"

"ரெண்டும் இல்லை. கோயில் வெப்சைட் எதிலை வேலை செய்யுது, எதிலை இல்லை எண்டு பாக்கத்தான்."

அப்ராஸ் சிரித்தார். லாச்சியைத் திறந்து ஒன்பது போன்களை மேசையில் பரப்பினார். "இந்த ஊர்ல சனம் வெச்சிரிக்கிற போன் எல்லாம் இதுதான் தங்கச்சி. கட்டுற ஆக்கள் பெரிய போன்ல பாத்துக் கட்டுறாங்க. எங்கட பள்ளி வெப்சைட்டும் இப்படித்தான். தொழுகை நேரம் பாக்கப் போனா தலைவர்ர படம் வந்து குந்திக்கும். மனிசன் சிரிச்சிக்கிட்டே இரிப்பார், லுஹர் தொழுகையே போயிரும்."

ஒன்பதில் ஏழு போன்களில் பொத்தானைக் காணவில்லை. அவள் ஒவ்வொன்றையும் கொப்பியில் குறித்தாள். திருத்துவது பெரிய வேலையல்ல. ஆனால் தளத்தில் அந்தப் பட்டையைத் தொடுவதில்லை என்று ஜூலையில் இராசதுரையிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அனுமதி வேண்டும். "மூண்டு போனைக் கொண்டுபோயிட்டுத் தரட்டோ?" என்று கேட்டாள்.

"கொண்டு போங்க. உங்கட சாமியாருக்கு என்ர சலாத்தையும் சொல்லுங்க."

அவள் அறைவீட்டுக்குத் திரும்பியபோது மூன்று மணி. சுவாமியும் அங்கே இருந்தார். தையில்தான் மாற்றலாகி வந்தவர். சபை சொல்வதற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவர். நிரோஜினி விஷயத்தைச் சொன்னாள். பாதியில் குரல் உள்ளே போய்விட்டது.

"அமத்தத் தெரியாதவைக்காக வெப்சைட்டை மாத்த ஏலுமே?" என்றார் இராசதுரை. "புதுப் போன் வாங்கச் சொல்லும்."

அவள் இராசமலரின் போனை அவர் கையில் வைத்தாள். "நீங்கள் ஒரு பேர் அனுப்பிக் காட்டுங்கோ, அங்கிள்."

"நான் எங்கட ஆக்களை எல்லாம் அனுப்பிப்போட்டன்."

"ஆரும் விடுபட்டிருப்பினம்."

அவர் யோசித்தார். "ஓம், செசீலியாச் சின்னம்மா விடுபட்டுப் போனா." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை அடித்தார். கீழே அமத்தினார். மெழுகுதிரி எரிந்தது. "இந்தா, போயிட்டுது. இதிலை என்ன கஷ்டம்?"

அந்தப் படத்தை ஜெறால்டுக்காகத் தெரிவுசெய்தவரே அவர்தான்.

நிரோஜினி மடிக்கணினியைத் திருப்பிப் பட்டியலைக் காட்டினாள். இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். செசீலியா இல்லை. அவர் போனைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். அடுத்த போனில் அடித்தார். அதிலும் மெழுகுதிரி எரிந்தது. பட்டியல் அசையவில்லை. நிரோஜினி படத்தை மேலே தள்ள, சுவாமி எட்டிப் பார்த்து, வஸ்தியாம்பிள்ளையின் பெயரை வாய்விட்டு வாசித்தார்.

"எண்டாலும் ஜெறால்ட்டைக் கேக்காமல் பட்டையை எடுக்க ஏலாது" என்றார் இராசதுரை. சத்தம் குறைந்திருந்தது. "அங்க இப்ப எல்லாரும் நித்திரை."

"ஒரு வட்டாரமே அவற்ர தேப்பனுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கு அங்கிள். அவருக்கு அது காணும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னதை அவளே கேட்டாள். காது சுட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

சுவாமி இருமினார். "எடும் பிள்ளை" என்றார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பட்டியலைத் திறந்து வையும். போன் இல்லாத வீடுகளுக்குப் பெட்டியை வாசலிலை வைப்பம்."

அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பட்டையை எல்லாப் பக்கத்துக்கும் அடியில் இறக்கி, பொத்தானைத் திரையின் அகலத்துக்குப் பெரிதாக்கினாள். அனுப்பியதும் எழுதிய பெயர் அப்படியே திரையில் வரும்படி செய்தாள். படம் எதுவும் இல்லை, பெயர் மட்டும். நான்கு போனிலும் அமத்தினாள். நான்கிலும் செசீலியா வந்தாள்.

பிறகு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனாள். கதவைத் தட்டி, போன கிழமை அனுப்பியது போகவில்லை என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சிலர் ஏசினார்கள். ஒருவர், "கடவுளுக்குத் தெரியும், உங்கட கம்பியூட்டருக்குத்தான் தெரியேல்லை" என்றார். இராசமலர் போனைத் திருப்பி வாங்கவில்லை. "நீரே எழுதும், பிள்ளை. இன்னொருக்கா என்னால ஏலாது." நிரோஜினி முற்றத்தில் நின்றபடி எழுதினாள். எழுதிய பெயர் திரையில் வந்தது. இராசமலர் அதை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கடற்கரையிலிருந்து முந்நூற்றெட்டுப் பெயர்கள் வந்தன.

ஞாயிறு பின்னேரம் சேமக்காலை நிறைந்திருந்தது. வானம் கறுத்துப்போய் நின்றது. பிந்தி வந்த பெயர்கள் என்பதால் கடற்கரை வட்டாரத்தைக் கடைசித் தாள்களில் அச்சடித்திருந்தார்கள். சுவாமி வாசிக்க வாசிக்க மற்ற மூன்று வட்டாரத்தாரும் திரிகளைக் கொளுத்தினார்கள். தங்கள் பெயர் முடிந்ததும் சிலர் குடையை விரித்துக்கொண்டு வாசல் படலைப் பக்கம் நகர்ந்தார்கள். கடற்கரைச் சனம் மதிலோரம் திரியைக் கொளுத்தாமல் பிடித்தபடி நின்றது. மூன்றாம் வட்டாரம் முடிந்ததும் மழை துமித்தது. இராசதுரை சுவாமியின் காதுக்குக் குனிந்தார். ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்துபோனார்.

"சுவாமி, மிச்சத்தை 'மற்ற எல்லா ஆத்துமாக்களும்' எண்டு ஒரேயடியா முடிப்பம். அந்தச் சனம் ஒழுங்கா அமத்தத் தெரியாமல் பிந்தி அனுப்பினதுதானே."

சேமக்காலை முழுக்கக் கேட்டது.

கடற்கரைச் சனத்தில் யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் நிரோஜினியால் தாங்க முடியாமல் போனது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தாள். ஒலிவாங்கியை எடுக்கவில்லை.

"அவையள் ஒழுங்காத்தான் அமத்தினவை" என்றாள். "பொத்தானை மூடி வைச்சது நாங்கள். பிழையைக் கண்டுபிடிக்காமல் விட்டது நான். உங்கட கையிலை அந்தப் போனைத் தந்தனான் அங்கிள், உங்களாலையும் ஏலாமல் போச்சுது. சொல்லுறதெண்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

படலையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிரோஜினி சுவாமியைப் பார்த்தாள். "வாசியுங்கோ, சுவாமி. எல்லாப் பேரையும்."

சுவாமி தன் தலைக்கு மேலே பிடித்திருந்த குடையை இராசதுரையிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, மிஸ்ரர் இராசதுரை. தாள் நனையுது." பிறகு கடைசித் தாள்களைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். அவசரப்படவில்லை. மதிலோரம் ஒரு திரி பற்றியது, பிறகு இன்னொன்று. மழை பெலத்தது. இராசதுரை தன் தோள் நனைய, தாளுக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எழுபத்து மூன்றாவதாக, "மரியநாயகம் யதுர்சன்" என்று சுவாமி வாசித்தார்.

இராசமலர் தீப்பெட்டியை உரசினாள். பற்றவில்லை. மறுபடி உரசினாள். குச்சி முறிந்தது. சுவாமி அடுத்த பெயருக்குப் போகாமல் நிறுத்தினார். முந்நூறு பேர் மழையில் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் மூன்றாவது குச்சியை எடுத்தாள்.