சிமெண்ட் தின்ற ரேகை

விடிந்ததிலிருந்தே கனகாவுக்கு ஓரிடத்தில் கால் பாவவில்லை. ரேஷன் அட்டையில் பேர் உள்ளவர்கள் நேரில் வந்து விரல் வைக்க அன்றுதான் கடைசி நாள். வைக்காவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். அட்டையில் இருப்பது இரண்டே பேர், அவளும் புருஷன் முனிராஜும். அவன் பேர் போனால் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. சீ, என்ன பேச்சு இது என்று இன்னொரு மனசு கடிந்துகொண்டது.

முனிராஜ் கொத்தனார். ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. எட்டு மாதம் முன்பு சாரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தான். பிழைத்தான், எழுந்தான், நடந்தான். கனகாவைத்தான் தெரியவில்லை; தான் யாரென்பதும் நினைவில்லை. "ஏ புள்ள" என்று அதட்டிக் கூப்பிட்ட மனுஷன் இப்போது, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா" என்று பணிவாகக் கேட்கிறான். குடி கிடையாது, கோபம் கிடையாது, தின்ற தட்டைக் கழுவி வைக்கிறான். அக்கம்பக்கம் மெச்சியது. கனகாவுக்கோ வயிறு எரிந்தது. எவனோ ஒருத்தன் என் புருஷன் சட்டையோடு அவன் உடம்பையும் மாட்டிக்கொண்டு திரிகிறானே!

மேட்டகள்ளி ரேஷன் கடையில் பில் போடும் உமேஷ் உதட்டைப் பிதுக்கினான். "இவரு விரல் எங்கம்மா விழப்போவுது? ஒரு தரமாவது விழுந்திருக்கா?"

வாஸ்தவந்தான். சிமெண்ட் தின்று முனிராஜின் விரலில் ரேகையே கிடையாது. மாதாமாதம் மெஷின் அவனை இல்லையென்று தள்ளும். அவன் அதைக் கண்டபடி திட்டுவான். கனகா தன் விரலை வைத்து அரிசி வாங்கிப் போவாள். இன்றும் தள்ளட்டும் என்று அவள் மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டாள். பேர் போனாலும், அந்த விரலாவது பழைய முனிராஜினுடையது என்று ஆகும்.

முனிராஜ் விரலை வைத்தான். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது.

"எட்டு மாசம் சும்மா இருந்தாரில்ல, ரேகை வளந்துடுச்சு," என்றான் உமேஷ். "ஆளு அவரேதாம்மா."

கனகாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் அவனாக இருந்த காலமெல்லாம் இல்லை இல்லை என்ற சனியன், அவன் தொலைந்த பிறகு அவனேதான் என்று சாட்சி சொல்கிறதே! ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வந்த பிறகு முதல் தடவையாக, கடையில் நின்றபடியே அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அவள் கன்னத்துக்குத் தெரிந்த சொரசொரப்பு கொஞ்சங்கூட மிச்சமில்லை.

"உறவு என்ன போடறது? புருஷன்தானே?" என்று கேட்டான் உமேஷ்.

கனகா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிராஜ் அவள் பக்கம் குனிந்தான்.

"அக்கா, அவர நெனச்சுத்தான் தெனமும் அழுவறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அவரு வந்துட்டாருன்னா நான் எங்கீங்க போறது?"

எட்டு மாதமாக ஒரே வீட்டுக்குள் இவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

"புருஷன்னே போடுங்கண்ணா," என்றாள் உமேஷிடம். கையை விடாமல் முனிராஜைப் பார்த்து, "எங்கயும் போக வேண்டாமுங்க," என்றாள்.

அக்கா என்று கூப்பிட வேண்டாம் என்று மட்டும் அவளால் இன்னும் சொல்ல முடியவில்லை.