மூன்றாவது தோட்டம்

ஆர்லெத் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, கணவரின் வயிற்றின் மேல் விரித்துக் கிடந்த வரைபடத்தில் தையல் நூலை வளைத்து வளைத்து வைத்து அளந்துகொண்டிருந்தாள். எண்பத்தோரு வயதில் கில்பேருக்கு எழுந்து நடக்கத்தான் முடியவில்லை. அதிகாரம் செய்ய முடிந்தது.

"மூச்சு விடாதே," என்றாள் அவள். "நீ மூச்சு விட்டா அம்புவாஸ் கோட்டை மேலே போயிடுது."

"அது மூச்சில்லே. இதயம்."

"எதுவா இருந்தாலும் கொஞ்சம் நிறுத்து."

வியாழக்கிழமை ஊர் முதியோர் சங்கத்தின் வருடாந்தரச் சுற்றுலா. நாற்பத்திரண்டு பேர், ஒரு பேருந்து, மூன்று கோட்டைகள், மூன்று தோட்டங்கள். அந்த 'மூன்று'தான் தகராறு. கில்பேர் முப்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவருடைய ஸ்டேஷனில் நாளொன்றுக்கு நாலே ரயில் என்றாலும், அவர் கொடி அசைப்பதைப் பார்த்தவர்கள் ஐரோப்பாவின் மொத்தப் போக்குவரத்தும் அந்த மணிக்கட்டில்தான் தொங்குகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்றதும் சங்கச் சுற்றுலாவுக்கு அட்டவணை போடும் வேலையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடமாக மூன்று தோட்டம் என்றே அட்டவணை போட்டார். பத்தொன்பது வருடமும் இரண்டுதான் பார்த்தார்கள். நடுவில் மதியச் சாப்பாடு வந்துவிடும்.

பசியைக் கிளப்ப ஒரு குட்டிக் கோப்பை மது, பிறகு சூப், மீன், கறி, சீஸ் தட்டு, இனிப்பு, காபி, அந்தக் காபியை இறக்க இன்னொரு குட்டிக் கோப்பை. பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதற்குள் சிலருக்கு நகம் வளர்ந்திருக்கும். மூன்றாவதான வில்லாந்திரிக் கோட்டைத் தோட்டத்துக்குப் பேருந்து போய்ச் சேரும்போது அங்கே கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். நாற்பத்திரண்டு பேரும் ஜன்னல் வழியே மதிலைப் பார்த்து, நல்ல மதில் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

போன வருடம் கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. மூன்றேகாலுக்கே எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. பாலேட்டில் மிதக்கும் முட்டை நுரை இனிப்பு தனக்கு இன்னும் வரவில்லை என்று அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒருத்தி ஆர்லெத். வந்ததும் இன்னொரு கிண்ணம் கேட்டாள். கில்பேர் நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியதும் உப்பைக் கேட்கத்தான்.

"எழுது," என்றார் இப்போது. "எட்டு நாப்பதுக்குக் கிளம்பறோம். ஒன்பது அஞ்சு, செனோன்சோ கோட்டை. ராஜாவோட காதலி தோட்டம் நாப்பது நிமிஷம். ராணி தோட்டம் நாப்பது நிமிஷம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவா?"

"எனக்கு அந்தக் குடும்பச் சண்டை வேணாம். பதினொண்ணுக்கு அம்புவாஸ். சாப்பாட்டுக்கு நாப்பது நிமிஷம்."

பென்சில் நின்றது. "நாப்பதுல சூப்பே ஆறாது."

"ஊதிக் குடிங்க."

"சங்கத் தலைவி லுசெத் உன்னைக் கொன்னுடுவா."

"வரிசையில நிக்கச் சொல்லு. டாக்டர் முன்னாடி நிக்கறார்."

கில்பேர் கண்ணை மூடிக்கொண்டார். "சரி, நான் சொல்லலே," என்றார். "எத்தனை நிமிஷம்னு நீ சொல்லு. இந்தத் தடவை நீ சொல்றதுதான்."

கல்யாணமான ஐம்பத்து நாலு வருடத்தில் அவர் ஒரு நிமிடத்தைக்கூட யார் கையிலும் கொடுத்ததில்லை. ஆர்லெத் பென்சிலைக் கீழே வைத்தாள். அடுப்பில் லீக்ஸ் தண்டு வேகிறது, அணைத்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று எழுந்து போனாள். சமையலறைக்குள் நுழையும்போது அவள் மனதில் இரண்டு மணி நேரம் இருந்தது. அடுப்பை அணைக்கும்போது ஒன்றரை ஆனது. நடையில் திரும்பி வரும்போது இன்னும் கால் மணியைக் குறைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு கையை வெட்டிக் கொடுப்பது மாதிரி.

"ஒண்ணேகால்," என்றாள் வாசலிலிருந்தே. "அதுக்குக் கீழே ஒரு நிமிஷம்கூட கிடையாது."

கில்பேரின் வயிற்றின் மேல் வரைபடம் அசையாமல் கிடந்தது. அம்புவாஸ் அதன் இடத்திலேயே இருந்தது.

ஆர்லெத் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு வரைபடத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அந்த மடிப்புகள் ஒருநாளும் அவளுக்குப் படிந்ததில்லை. அன்றும் படியவில்லை. எப்படியோ மடித்து வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள்.

மத்தியானம் சவ அடக்கக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள் போல, அவ்வளவு மெல்லிய குரல் இருவருக்கும். கில்பேருக்குச் சாம்பல் நிற சூட்டை மாட்டி, அவர் அறையிலேயே கிடத்தி, ஜன்னல் கதவுகளைப் பாதி சாத்தினார்கள். சர்ச்சில் வியாழக்கிழமை பத்தரை மணி காலியாக இருந்தது. அதை விட்டால் அடுத்த புதன்தான். "ஜூன் மாச வெயில் மதாம், புதன் வரைக்கும் வேணாம்," என்றார் ஒருவர், பஞ்சில் சுற்றிய குரலில்.

சாயங்காலம் லுசெத் ஒரு ஆப்பிள் கேக்கோடு வந்தாள். ஆர்லெத்தும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. கில்பேர் அருகில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு, சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பஸ்காரன்கிட்ட நாளைக்குச் சொல்லிடறேன். டூர் ரத்து."

"ஏன்?"

"ஏனா? வியாழக்கிழமை அடக்கம்டி."

"அடக்கத்துக்கு யார் யார் வருவா?"

"சங்கத்துல எல்லாரும்தான்."

"டூருக்கு?"

லுசெத் யோசித்தாள். "அதே ஆளுங்கதான்."

"அப்ப எல்லாரும் ஒரே இடத்துல இருப்பீங்க. பஸ்ஸைக் கல்லறைக்கு வரச் சொல்லு."

"பைத்தியமா உனக்கு? அது முடியவே பன்னெண்டு ஆயிடும். அப்புறம் சாப்பாடு. அப்புறம் எத்தனை பாக்கறது, ஒண்ணா?"

"மூணு."

"எப்படி?"

"சாப்பாடு பஸ்ஸில."

குடியரசே கவிழ்ந்திருந்தாலும் அந்தச் சமையலறையில் அப்படி ஒரு அமைதி வந்திருக்காது. லுசெத் கேக் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸிலன்னா, ஓடற பஸ்ஸிலயா?"

"நின்ன பஸ்ஸு எங்கயும் போகாதே."

"மேஜை?"

"மடி."

"என்ன சாப்பிடறது?"

"ரொட்டியைப் பிளந்து பன்னிக்கறி விழுதைத் தடவி ஆளுக்கு ஒண்ணு."

"சீஸ்?"

"கிடையாது."

"நாம என்ன ஆடுமாடா ஆர்லெத்? அடக்கம் முடிஞ்சா ஜனங்களை உக்கார வச்சு, சாப்பாடு போட்டு, போனவரைப் பத்தி நாலு வார்த்தை பேசறதுதானே மரியாதை? ஊர் என்ன சொல்லும்?"

"பஸ்ஸிலயும் வாய் இருக்கும். பேசட்டும்."

"போன வருஷம் ரெண்டாவது கிண்ணம் கேட்டவ நீதானேடி."

ஆர்லெத் மேஜையைத் துடைத்தாள். அது ஏற்கனவே துடைத்த மேஜை.

"ஆமா," என்றாள். "கடைசியா எத்தனை நிமிஷம்னு அவர் என்னைத்தான் கேட்டார். நான் சொல்றதுக்குள்ளே போயிட்டார்."

லுசெத் கத்தியை மறுபடி எடுத்தாள். கேக்கில் ஒரு துண்டு வெட்டி, அதைத் தின்று முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊறுகாய் வெள்ளரிக்காயாவது வச்சுக்கலாமா?"

"அது வச்சுக்கோ."

புதன்கிழமை ஃபாதர் அனிசே வந்தார். பெனின் நாட்டுக்காரர், இருபத்திரண்டு ஊர்ச் சர்ச்சுகளுக்கும் அவர் ஒருவர்தான் பாதிரியார். ஒரு சின்னக் காரை வைத்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்குமாக ஓடிக்கொண்டே இருப்பார்.

"பிரசங்கம் எவ்வளவு நேரம் ஃபாதர்?"

"வழக்கமா பதினஞ்சு நிமிஷம்."

"ஏழு."

"மதாம்?"

"ஏழு நிமிஷம். அவருக்கு அதுவே ஜாஸ்தி."

ஃபாதர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குப் பன்னெண்டேகாலுக்கு இன்னொரு ஊர்ல இருக்கு," என்றார். "ஆறே போதும்." இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பத்தரைக்கு மணி அடித்தது. ஆறு நிமிடத்தில் கில்பேரின் எண்பத்தோரு வருடமும் முடிந்தது. பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பெட்டியின் மேல் புனித நீர் தெளித்தார்கள். சாதாரணமாக அந்த வரிசை, முன்னால் நிற்பவரிடம் முழங்கால் வலியை விசாரித்து விசாரித்துத்தான் நகரும். அன்று எந்த முழங்காலும் வலிக்கவில்லை. மூன்றாவது தோட்டத்துக்குப் போகிற விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கல்லறையில் கயிறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பெட்டியை இறக்கினார்கள். அடியில் தொட்ட சத்தம் கேட்டது. ஆர்லெத் தான் எழுதி வைத்திருந்த அட்டவணையில் இந்த இடத்தில் தனக்கென்று நாலு நிமிடம் போட்டிருந்தாள். எழுதும்போது நாலு என்பது நிறைய மாதிரிதான் தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. அவள் நாலு நிமிடம் நின்றாள். பிறகு திரும்பி, "ஏறுங்க," என்றாள்.

பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் லுசெத் ரொட்டிகளைக் கொடுத்துக்கொண்டு வந்தாள். கறுப்பு டையும் கறுப்புத் தொப்பியுமாக நாற்பது பேர், திருட்டுப் பொருள் மாதிரி ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்ததே தெரியாமல் மென்றார்கள். வழியில் ஊர் வந்தபோதெல்லாம் எல்லா ரொட்டியும் ஒரே சமயத்தில் ஜன்னலுக்குக் கீழே இறங்கியது. யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகாது.

"இதுல வெண்ணெய் தடவலே," என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர்.

"செத்தவரைப் பத்தி மட்டும் பேசுங்க," என்றாள் லுசெத்.

"அவரா இருந்தா வெண்ணெய்க்கு நேரம் இல்லேன்னிருப்பார்."

அதுதான் கில்பேரைப் பற்றி அன்று பேசப்பட்ட நாலு வார்த்தை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

செனோன்சோவில் காதலியின் தோட்டத்துக்கு முப்பது நிமிடம், ராணியின் தோட்டத்துக்கு முப்பது நிமிடம். ஆர்லெத் முன்னால் நடந்தாள். ஏதோ கடுமையான விரதம் காக்கும் சபையார் என்று நினைத்து வெளிநாட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் புகைப்படம்கூட எடுத்தார். அம்புவாஸின் ஏற்றத்தில் இரண்டு பேர் மதிலில் உட்கார்ந்து, எங்களை விட்டுவிட்டுப் போங்கள் என்று போர்க்களத்தில் அடிபட்டவர்கள் மாதிரி கையசைத்தார்கள். ஆர்லெத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து வந்தார்கள்.

வில்லாந்திரிக்குப் பேருந்து வந்து நின்றபோது மணி நாலு ஐம்பது. கதவு திறந்திருந்தது.

இறங்கினார்கள். வரிசையாக உள்ளே போனார்கள். மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தோரு பேரும் கீழே பார்த்தார்கள். கத்தரித்த குட்டை வேலிகளுக்குள் சதுரம் சதுரமாகப் பாத்திகள். நீலப் பச்சை, ஊதா, சிவப்பு, வெளிர்ப் பச்சை.

"அது முட்டைக்கோஸ்," என்றாள் லுசெத்.

"ஆமா."

"அது பீட்ரூட்."

"ஆமா."

"பத்தொன்பது வருஷமா..." என்று ஆரம்பித்த லுசெத் ஆர்லெத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா வரிசையா இருக்கு," என்றாள்.

மற்றவர்கள் அங்கேயே பெஞ்சுகளில் சரிந்து காலணிகளைத் தளர்த்தினார்கள். ஆர்லெத் மட்டும் படியிறங்கிப் பாத்திகளுக்கு நடுவே போனாள். ஒரு மூலையில் தோட்டக்காரர் ஒருவர் மண்டியிட்டு, ஒரு சதுரம் முழுக்க இருந்த லெட்யூஸ் கீரையை வேரோடு பிடுங்கித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். முக்கால்வாசிப் பாத்தி வெறும் மண்ணாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு. ஏன் புடுங்கறீங்க?"

"பூக்க ஆரம்பிச்சிட்டுது மதாம். இதோட காலம் அவ்வளவுதான்."

"இனிமே என்ன வைப்பீங்க?"

"செலரி. கோடைப் பயிர்." அவர் நிமிர்ந்து அவளுடைய கறுப்பு உடையையும், மேலே உட்கார்ந்திருந்த கறுப்பு உடைகளையும் பார்த்தார். "ஏதாவது அடக்கத்துக்குப் போய்ட்டு வர்றீங்களா?"

"டூர்," என்றாள் ஆர்லெத்.

அவர் தலையசைத்துவிட்டுக் கடைசிச் செடியையும் பிடுங்கினார். மண்ணைக் கையால் நிரவி, ஒரு தட்டு நாற்றை அருகில் இழுத்து வைத்துக்கொண்டார். விரலால் ஒரு குழி, ஒரு நாற்று, இரண்டு பக்கமும் ஒரு அழுத்து. ஒரு சாண் தள்ளி அடுத்த குழி.

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா மதாம்? நிழல் விழுது."

ஆர்லெத் ஒரு அடி தள்ளி நின்றாள். மேலே லுசெத் கையைத் தட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. தோட்டக்காரர் வரிசையை முடித்துவிட்டு, முழங்காலை நகர்த்தி அடுத்த வரிசைக்குப் போனார். அவளும் கூடவே நகர்ந்தாள்.