பிளாஸ்மாவில் பதிந்தவர்கள்

அந்த ஊரில் பிளாஸ்மா டிவி வாங்கிய முப்பத்தொரு வீடுகளில் பதினேழு வீடுகளில், வீட்டுக்கு ஒருவர் திரையில் பதிந்துபோனார்கள். எல்.சி.டி. வாங்கிய வீடுகளில் யாரும் பதியவில்லை. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மாதத்துக்கு மாதம் வெளிறி, ஆள் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று குரல் கொடுத்துத் தெரிந்துகொள்ளும்படி ஆனார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கரண்ட் எவ்வளவு இழுக்கும், சுவர் எடை தாங்குமா என்று விசாரிப்பதுபோல இதையும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் வாங்கினார்கள். பிளாஸ்மாவுக்கு ஆடுகிற ஆளைப் பிடிக்காது, அசையாமல் இருப்பவரைத்தான் பிடிக்கும் என்றார்கள். நியூஸ் முடியும்வரை கண்கொட்டாமல் பார்க்கும் பழக்கமுள்ள ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்தான் முதலில் போனவர். அவருடைய மருமகள் தினமும் திரையைத் துடைக்கும்போது மாமனார் முகத்தில் மட்டும் ஈரத்துணி படாமல் பார்த்துக்கொண்டாள்.

ஸ்டுடியோக்காரர் இதெல்லாம் தெரிந்தும் பிளாஸ்மாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பதினான்கு வருஷமாகப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தே வண்டி ஓட்டிய மனிதர். எல்.சி.டி.யில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, பிளாஸ்மாவில் கறுப்பு என்றால் கறுப்பு என்பது அவர் கட்சி. மனைவி எல்.சி.டி. கட்சி. அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். நாள் முழுக்க நின்றே பழகியதால் உட்கார்ந்தாலும் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். பயமெல்லாம் ஒன்பது வயது மகளைப் பற்றித்தான். ஸ்டுடியோவில் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அப்பா அவளைத்தான் ஸ்டூலில் உட்காரவைப்பார். ஆடாதே என்று சொல்லிவிட்டு மறந்துபோனால்கூட அப்படியே இருப்பாள்.

"நான் எங்க உக்காந்து டிவி பாக்கப் போறேன்? ஓரமா நின்னு பாத்துட்டுப் போறவ. வெளிறினா வெளிறிட்டுப் போறேன்," என்றாள் மனைவி. "பொண்ணு பதிஞ்சுட்டா என்னங்க செய்வீங்க?"

அவர் சிரித்தார். பொண்ணை அசையாமல் வைக்கவும் அசைக்கவும் தனக்குத் தெரியாதா என்று நினைத்தார்.

கடையில் இரண்டு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். தோலின் நிறத்தை எது ஒழுங்காகக் காட்டுகிறது என்று பார்க்க, ஒரு வீடியோ கேமராவை இரண்டுக்கும் இணைக்கச் சொன்னார். மனைவி விலாசம் எழுதிக் கொடுக்க உள்ளே போயிருந்தாள். மகளைக் கேமராவுக்கு நேராக நிறுத்தினார். அது பிளாஸ்மாவுக்கும் நேர்தான். "முகத்தைக் கொஞ்சம் தூக்கும்மா. ஆடாதே," என்று வாய் தானாகச் சொன்னது. சொல்லிவிட்டு விற்பனையாளரோடு கறுப்பைப் பற்றி வாதாடப் போனவர் இருபது நிமிஷம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தார். வாம்மா என்றதும் மகள் நகர்ந்துவிட்டாள். இரட்டைப் பின்னலோடு அவளுடைய உருவம் திரையிலேயே நின்றது.

வேறு என்ன போயிற்று என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. "சிரிக்கணும்னு தோணுது அப்பா. வர மாட்டேங்குது," என்றாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மறுநாள் கடைக்கு ஓடினார்கள். பிளாஸ்மாவில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. புயல் எச்சரிக்கை சொல்லும்போது உள்ளேயிருந்து மகளின் சிரிப்பு கேட்டது.

"கவலையே வேணாம் சார். ரெண்டு நாள் வெறும் வெள்ளையா ஓடவிட்டா சுத்தமாப் போயிடும்," என்றார் விற்பனையாளர்.

"எங்க போகும்?" என்று மனைவி கேட்டாள்.

"அது கம்பெனி சொல்லல மேடம்."

அந்த நிமிஷமே அந்த செட்டை வாங்கினார்கள். எல்.சி.டி.தான் வேண்டும் என்று நின்றவளே பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். வழியெல்லாம் பெட்டி எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் ஸ்டுடியோக்காரருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

வீட்டில் விஷயம் முற்றியது. தன் சிரிப்பைக் கேட்பதற்காக மகள் திரைக்கு முன்னால் போய் ஆடாமல் உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் அவளுடைய காலடிச் சத்தம் போயிற்று. ஓடினாலும் யாரும் ஓடியதாகத் தெரியாது. அடுத்து முணுமுணுக்கும் பாட்டு போயிற்று. வயரைப் பிடுங்கி ஒளித்துவைத்தார்கள். கறுத்த கண்ணாடியில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். அடித்து இழுத்துப் படுக்கவைத்தார்கள். சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட்டாள். ஸ்டுடியோக்காரர் மகளைப் பார்க்கவே பயந்தார். தன் வாயால் வந்த வினை என்று நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வழி சொன்னவள் ஸ்டேஷன் மாஸ்டரின் மருமகள்தான். ஒருவர் பதிந்த இடத்துக்கு நேராக இன்னொருவர் அசையாமல் உட்கார்ந்தால் உள்ளே இருப்பவர் வெளியே தள்ளப்படுவாராம். அவள் கணவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். மூன்றாம் நாள் மாமனாரின் மூக்குக்கண்ணாடி மட்டும் வெளியே வந்து மடியில் விழுந்திருக்கிறது. தன் விரல்கள் மங்குவதைப் பார்த்தவன் அலறி எழுந்தவன்தான், அந்த அறைக்குள் அப்புறம் போகவில்லை.

ஸ்டுடியோக்காரர் அன்றைக்கே வயரை மாட்டி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாலு நாள் உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மாறினால் கண் அங்கே போனது, திரையில் ஒரு முகம் கோணலாக இருந்தால் கழுத்து சாய்ந்தது. ஊரையே அசையாமல் உட்காரவைத்தவருக்குத் தான் அசையாமல் இருக்கத் தெரியவில்லை.

"நகருங்க," என்றாள் மனைவி. டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முதல் இரண்டு நாள் அவள் கால் ஆடியது. அவரே கீழே உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தோளை நேராக்கினார், மோவாயை ஒரு விரலால் தூக்கிவிட்டார். வேலை பிசகவில்லை. அவர் பார்த்ததிலேயே மிகச் சரியான போஸ் அதுதான். அதை நினைத்ததற்கே அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஐந்தாம் நாள் மகளின் பாட்டு கேட்டது. எட்டாம் நாள் மாடிப்படியில் தடதடவென்று காலடி. "எழுந்துடு, இவ்வளவு வந்தா போதும்," என்று கெஞ்சினார். அவள் உதடு அசையவில்லை. பதினொன்றாம் நாள் காலை கொல்லையில் மகள் எதையோ பார்த்துக் கலகலவென்று சிரித்தாள். ஸ்டுடியோக்காரர் ஜன்னலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

அவள் திரையின் நடுவில், மார்புக்கு மேல், நேர்முகமாகப் பதிந்திருந்தாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, பதினேழு வீட்டிலும் இவ்வளவு தெளிவாக யாரும் விழவில்லை என்றார்கள். பல் டாக்டர் வேறு ஆள் வைத்துக்கொண்டார். எல்லாப் படமும் அவள் மேலேயே ஓடியது. கிரிக்கெட் ஸ்கோர் தோளில் ஊர்ந்தது. செட்டை அணைத்தால் அவளும் இருட்டுக்குள் போய்விடுவாள். தன்னை உள்ளே தள்ளிக்கொண்டு அம்மாவை மீட்கிறேன் என்று மகள் கிளம்பிவிடுவாளோ என்று அவர் பக்கத்திலேயே காவல் கிடந்தார். மகள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து சர்வீஸ் ஆள் வந்தார். திரையில் இருந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றித் தூசி தட்டினார். இந்த செட்டுக்கு இன்னும் அறுபதாயிரம் மணி நேரம் ஆயுள் இருக்கிறது, அப்புறம் மங்கிக்கொண்டே போய் ஒன்றும் தெரியாது என்றார்.

அவர் போனதும் ஸ்டுடியோக்காரர் கணக்குப் போட்டார். தினம் ஒரு மணி நேரம் போட்டால் நூற்று அறுபத்து நாலு வருஷம் வரும். இனிமேல் ஒரு மணி நேரம்தான் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"ரெண்டு மணி நேரம்னா?"

"எண்பத்திரண்டு."

மகள் அதைத் தன் வயதோடு கூட்டிப் பார்த்தாள்.

"அது எனக்குப் போதும்ப்பா," என்று ரிமோட்டை எடுத்தாள்.