இடப்பக்க சீட்

அந்த சீட்டில் உட்காரச் சொன்னபோதே எனக்குத் தம்பி நினைவு வந்துவிட்டது. என் தம்பி தெட் நாங் செத்தது இதே மாதிரி ஒரு வேனில், இதே பக்கத்து சீட்டில். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரும் இதே கம்பெனி டிரைவர் ஊ சோ பைங்தான்.

எங்கள் பர்மாவில் இது ஒரு கூத்து. வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போக வேண்டும் என்பது சட்டம். ஓடுகிறவையோ பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழசு. ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும். முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமானால் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. இடப்பக்கம் இருக்கிற கிளீனர்தான் எட்டிப் பார்த்து "காலி" என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் எதிரே வருவது முதலில் அவன் மேல்தான் மோதும்.

கிளீனராகப் போன தம்பி தப்பாகச் சொன்னான் என்றார்கள். விலா எலும்பு முறிந்து பிழைத்துக்கொண்ட ஊ சோ பைங், "காலின்னான், ஏறினேன்" என்று போலீசில் சொல்லிவிட்டார். அத்தோடு கதை முடிந்தது. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்பானா? எதிரே வந்த காரில் இருந்த ஒரு தாயும் மகளும் செத்துப்போனார்கள். அந்தப் பழியும் அவன் தலையில்தான் விழுந்தது. அவன் பெண்டாட்டி மா வாவா எங்கள் ஊர் பகோவின் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அந்தத் தாய் மகளின் குடும்பத்தார் அங்கேதான் கருவாடு விற்கிறார்கள்.

அப்படி இருக்க, எங்கள் சோடா கம்பெனி டிரைவர்களுக்குப் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொடுக்க உள்ளிருந்தே பயிற்சியாளர்களைத் தயார் செய்யப்போகிறது என்று அறிவித்தபோது, கிடங்கில் பிக்கப் ஓட்டும் பொம்பளையான என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்க யாங்கோனிலிருந்து டோ தந்தா வந்தார். வெற்றிலை போடாத, சிரிக்காத அம்மாள். முதல் நாளே எங்கள் வாயை அடைத்தார். இடப்பக்கம் உட்காரும் பயிற்சியாளர் ஒருபோதும் "காலி" என்று சொல்லக் கூடாதாம். முன்னால் போகும் லாரிக்கு நல்ல இடைவெளி விட்டு, டிரைவர் தன் கண்ணால் பார்க்கப் பழக வேண்டும். பார்க்க முடியாவிட்டால் பின்னாலேயே போக வேண்டும். ஸ்டியரிங்கைத் தொடாதே, கத்தாதே, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒரே தடவை தெளிவாகச் சொல் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கடைசிப் பரீட்சைக்கு நிஜ டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையில் போக வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஊ சோ பைங். மாற்றித் தரச் சொல்லியிருக்கலாம், டோ தந்தா மாட்டேன் என்றிருக்க மாட்டார். நான்தான் கேட்கவில்லை. அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் உண்மை தெரியும் என்று ஒரு வெறி. அதே சமயம், தம்பி நிஜமாகவே "காலி" என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன செய்வேன் என்ற பயம். சாவைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

டோ தந்தா பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பரீட்சை நடக்கும்போது அவர் பேச மாட்டார். ஊ சோ பைங் கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

டவுங்கு சாலையில் தூறல் பிடித்தது. வயல்கள் தாண்டியதும் முன்னால் ஒரு மூங்கில் லாரி வந்து மாட்டியது. மூங்கில் நுனிகள் எங்கள் கண்ணாடிக்கு நேரே ஆடின. இடைவெளி விட்டுப் போங்கள் மாமா என்றேன். தலையை ஆட்டினாரே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"காலியாம்மா?"

கேட்ட வாய் மூடவில்லை, வண்டி இடப்பக்கம் ஏறிவிட்டது. நான் எதிர்ச்சாலையில் இருந்தேன். அவர் இன்னும் லாரி மறைவில்தான் இருந்தார். எதிரே ஒரு பஸ், விளக்கைப் போட்டுக்கொண்டு, என் மடிக்கு நேரே வந்தது. "வேணாம், பின்னால வாங்க" என்றேன். சொன்னேனா, நினைத்தேனா என்று இன்றுவரை தெரியாது.  பஸ்காரன் மண்ணில் இறக்கினான். எங்கள் வேன் பிரேக் அடித்து ஆடிக்கொண்டே மூங்கிலுக்குப் பின்னால் ஒதுங்கியது. பஸ்ஸின் கண்ணாடி எங்கள் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

ஓரமாக நிறுத்தினார்.  எனக்கு ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இந்த மனுஷன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்பதும் ஏறுவதும் இவருக்கு ஒன்றுதான்.

திரும்பிப் பார்த்தேன். டோ தந்தாவின் முகம் வெளுத்திருந்தது. "நீதான் பயிற்சியாளர். பாடத்த நடத்து" என்றார்.

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க மாமா. நான் ஓட்டறேன்."

அவர் மறுத்துப் பார்த்தார். மழை வருகிறது, மூட்டு வலிக்கிறது, பொம்பளை ஓட்டி இந்த வேன் பழகவில்லை என்றார். நான் கீழே இறங்கிப்போய் அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். வேறு வழியில்லாமல் இறங்கினார்.

வண்டியைத் திருப்பி பகோ நோக்கி விட்டேன். கொஞ்ச தூரத்தில் ஒரு நெல் லாரி. நல்ல இடைவெளி விட்டே போனேன். தாண்டும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. இண்டிகேட்டரை மட்டும் போட்டேன். டிக், டிக் என்று சத்தம் கேட்டதும் அவர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"காலியா மாமா?"

அந்த சீட்டிலிருந்து அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். "வேணாம்மா, ஏறாத" என்றார். அடுத்த நொடி ஒரு டேங்கர் லாரி இரைந்துகொண்டு எங்களைக் கடந்து போனது.

இண்டிகேட்டரை அணைத்தேன்.  அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உன் தம்பியும் இதத்தாம்மா சொன்னான்."

 அடப்பாவி, இதைச் சொல்ல இத்தனை நாளா? திட்டத்தான் வாயைத் திறந்தேன்; அழுகைதான் வந்தது. முன்னால் நெல் லாரி கலங்கித் தெரிந்தது. வேகத்தைக் குறைத்து இன்னும் பின்வாங்கி, ஊர் வரும்வரை அதன் பின்னாலேயே போனேன். டோ தந்தா பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

டிப்போவுக்குப் போகும் திருப்பத்தில் நான் திரும்பவில்லை. மா வாவா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் தாழ்வாரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேனைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க" என்றேன். "அப்புறம் சந்தைக்குப் போவோம். கருவாட்டுக் கடையிலயும் சொல்லணும்."

ஊ சோ பைங் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பயமா இருக்கும்மா" என்றார்.

இறங்கி அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.