முள்ளெலிக்கு மட்டும்

சமையல் காஸ் விற்கும் லாரி தன் பாட்டை இசைத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை ருலா அலமாரிக்குள் குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே மைக்கோடு காத்திருந்தாள். அம்மான் நகரத்தில் காஸ் லாரிக்கு இருக்கும் சுதந்திரம் வேறு யாருக்கும் இல்லை. நினைத்த நேரத்தில் வரும், நினைத்த தெருவில் பாடும். ருலாவும் சுதந்திரமானவள்தான். வானொலி நிலைய வேலையை விட்ட அன்று எல்லோருக்கும் குனாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்து, "இனிமே நான் எவன் முன்னாடியும் கைகட்டி நிக்க வேண்டாம்" என்று அறிவித்திருந்தாள். அது அப்படியே பலித்தது. அலமாரிக்குள் நிற்க முடியாது. குந்தித்தான் உட்கார வேண்டும்.

வீட்டிலேயே ஸ்டுடியோ போட்டாகிவிட்டது என்று அவள் கணவன் நிதால் விருந்தாளிகளிடம் சொல்வான். காட்டச் சொன்னால் காபி வந்துவிட்டது என்பான். கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கும் வேலையைத் துபாயிலிருந்து அனுப்பும் தயாரிப்பாளரோ, நாமெல்லாம் ஒரே குடும்பம், அவசரமே இல்லை, சாயங்காலத்துக்குள் வந்தால் போதும் என்பார். அந்தக் குடும்பத்துக்காக இந்தக் குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

அலமாரிக் கைப்பிடியில் நிதாலின் சிவப்புக் கால்பந்துக் காலுறை தொங்கினால் வீட்டில் சத்தம் கூடாது. மகள் தீமா இதை நடை பழகும்போதே கற்றுக்கொண்டாள். இப்போது ஆறு வயது. காலுறையைக் கண்டால் பொம்மையைக்கூட மெத்தைமேல்தான் இறக்குவாள். இப்படி ஒரு தங்கம் யாருக்கு வாய்க்கும் என்று ருலா கேட்காத அண்டைவீட்டுக்காரி இல்லை.

அன்று பள்ளியில் பரிசளிப்பு. தலைமையாசிரியை மைக்கைத் தட்டித் தட்டி, மௌனத்தின் மாண்பைப் பற்றி வெகுநேரம் முழங்கினார். முடிவில் 'அமைதி நட்சத்திரம்' என்று எழுதிய பட்டையைத் தீமாவுக்குப் போட்டார். ருலா உள்ளங்கை சிவக்கக் கைதட்டினாள். கூட்டம் கலையும்போது வகுப்பாசிரியை ஹனாடி வந்தாள்.

"தீமா அம்மா, இவளை மாதிரி இன்னும் நாலு பிள்ளைங்க இருந்தா எனக்குத் தலைவலியே வராது. முந்தாநாள் படிக்கட்டுல விழுந்து முட்டி கிழிஞ்சு ரத்தம் கொட்டுது. அழணுமே! ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு." சிரித்தபடி சொன்னவள் ருலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "வீட்டுல சொல்லலையா?"

முட்டியில் கட்டு இருந்ததை ருலா பார்த்திருந்தாள். கேட்க வேண்டும் என்று நினைத்தாள். காலுறை மாட்டும் நேரமாகிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கைப்பிடியிலிருந்து காலுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். போனை அணைத்தாள். தரையில் மண்டியிட்டு, "இன்னைக்கு அம்மாவுக்கு வேலையே கிடையாது, கண்ணு. கத்து, பாடு, என்ன வேணா பேசு" என்றாள்.

தீமா வெறும் கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதருகே வந்து கிசுகிசுத்தாள். "காலுறை இல்லன்னா எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவோட வேற ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?"

ருலா எழுந்து அடுப்படிக்குப் போனாள். தேநீருக்குப் புதினா கிள்ளிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து தன் குரலே கேட்டது. தொலைக்காட்சியில் ஃபுல்ஃபுல் என்ற முள்ளெலி, அவள் கோட்டுகளுக்கிடையில் பேசிய அதே கொஞ்சலோடு கேட்டுக்கொண்டிருந்தது: "என் செல்லமே, இன்னைக்கு என்ன நடந்துச்சு? எனக்கு மட்டும் சொல்லேன்."

பிள்ளைகள் பதில் சொல்வதற்காக அந்த இடத்தில் கொஞ்சம் மௌனம் விடச் சொல்லியிருந்தார் தயாரிப்பாளர். ருலா கச்சிதமாக விட்டிருந்தாள்.

தீமா திரையை ஒட்டிப் போய் முட்டியைத் தூக்கிக் காட்டினாள். "படியில விழுந்துட்டேன்" என்றாள், முழுக் குரலில். மகளுக்கு இவ்வளவு கனத்த குரலா என்றிருந்தது ருலாவுக்கு. "ரொம்ப வலிச்சுது. அப்புறம் என்னாச்சுன்னா..."

ருலா கதவோரம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அடுத்த வரி அவளுக்கு மனப்பாடம்.

"ஆஹா, ரொம்ப சந்தோஷம்!" என்றது முள்ளெலி. "வா, நாம ஒரு பாட்டுப் பாடலாம்."

பாட்டு முடியட்டும் என்று தீமா ஒற்றைக் காலில், முட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.